எண்ணிக்கையில் என்ன இருக்கிறது?

டேக்வாண்டோ பெல்ட் தேர்வில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். "ஜூங் குன் பேட்டர்னில் எத்தனை அசைவு? ஏன்?" (பேட்டர்ன் என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு.) பதில் 32. ஏனென்றால், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற கொரியப் போராளி ஆன் ஜுங் குன் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 32. பையன் கடகடவென்று ஒப்பிப்பான், மாஸ்டர் தலையாட்டுவார், அடுத்த பையன் வருவான்.

அந்த 32கூட கொரியக் கணக்கு; பிறந்ததுமே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று. அவர் பிறந்தது 1879 செப்டம்பரில், தூக்கு 1910 மார்ச்சில். நம் கணக்கில் 30 முடிந்து 31 நடப்பு. இதை எந்தப் பையனும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

கொரிய ராணுவத் தளபதி சோய் ஹாங் ஹி உருவாக்கிய ஐ.டி.எஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பிரிவின் 24 பேட்டர்ன்களில் இப்படி எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. யுல் கோக் 38, அந்தப் பெயர்கொண்ட அறிஞர் பிறந்த ஊரின் அட்சரேகை. சாம் இல் 33, 1919 மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கை. குவாங் கே 39, மன்னர் அரியணை ஏறிய 391ஆம் ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள். யூ சின் 68, அது கொரியா ஒன்றுபட்ட 668ஆம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். ஒன்றில் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி. வசதிக்கேற்ப வெட்டிக்கொண்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது. 38 அசைவு செய்து முடித்தவரின் உடம்புக்கு அட்சரேகை தெரியுமா என்ன? இதெல்லாம் வெறும் அலங்காரம் என்பது என் கருத்து.

ஆனால் அர்த்தம் அசைவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. அவற்றைத்தான் வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை.

யூ சின் பேட்டர்னையே எடுத்துக்கொள்வோம். கிம் யூ சின் சில்லா நாட்டுத் தளபதி. மன்னர் சொன்னபடி சீனாவின் டாங் படையோடு கைகோத்து, சக கொரிய அரசுகளான பெக்ஜேவையும் கோகுர்யோவையும் வீழ்த்தினார். அந்த பேட்டர்னின் தயார்நிலை, வாளை இடப்பக்கத்தில் இருந்து உருவாமல் வலப்பக்கத்தில் இருந்து உருவுவதைக் குறிக்கிறது. அந்நியரோடு சேர்ந்து சொந்த மக்களை எதிர்த்த பிழைக்கு அடையாளம் அது. ஒரு வீரரின் பெயரை வைத்துவிட்டு, முதல் நிலையிலேயே அவர்மீது விமர்சனத்தையும் வைத்திருக்கிறார்கள்! சூங் மூ பேட்டர்ன் கடற்படைத் தளபதி யி சுன் சின்னுக்கானது. இடக்கைத் தாக்குதலோடு முடியும். 1598இல் நோர்யாங் கடற்போரில், வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், குண்டடி பட்டு இறந்தவர் அவர். வலக்கைப் பழக்கம் உள்ளவர் அதைச் செய்து நிறுத்தும்போது, இன்னும் ஒரு குத்து பாக்கி இருப்பது போலவே இருக்கும். அந்தக் குறைதான் அங்கே அர்த்தம்.

இன்னொரு பிரிவான உலக டேக்வாண்டோவில் பேட்டர்னுக்குப் பெயர் பூம்சே. அவற்றிலும் இதைப் பார்க்கலாம். டேகுக் வரிசையின் எட்டு பூம்சேக்களுக்கும் வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, பூமி என்று பொருள் சொல்வார்கள். மூன்றாவது நெருப்பு. உதைத்த கால் தரையில் பதிந்ததும் இரண்டு குத்து அடுத்தடுத்து விழும், இடையில் மூச்சு வாங்க நேரமில்லை. ஏழாவது மலை. புலி நிலையில் எடை முழுக்கப் பின்காலில். நடுவில் கால்களைச் சேர்த்து, ஒரு கையால் மறு கை முஷ்டியை மூடி மெதுவாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவசரப்படுகிறவருக்கு பூம்சே மொத்தமும் போச்சு. கருப்பு பெல்ட்டுக்குரிய கும்காங் பூம்சேயில் இன்னும் ஒருபடி மேலே. மலையைக் குறிக்கும் சீன எழுத்தில் மூன்று நிமிர்ந்த கோடுகளும் அடியில் ஒரு படுக்கைக் கோடும் இருக்கும். குதிரை நிலையில் அகலமாக நின்று, முழங்கையை மடித்து இரு முஷ்டியையும் தலைக்கு இருபுறமும் உயர்த்தினால், தலை நடுச்சிகரம், கைகள் இரண்டும் பக்கச் சிகரங்கள். தரையில் நகரும் பாதையும் அதே எழுத்துதான். தொடை நடுங்கினால் மலை ஆடுவது வெளியே தெரிந்துவிடும்.

'2000 ஆண்டு பழமை' என்று விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல் வந்தது. சோய் ஜப்பானில் படித்தபோது கற்றது ஷோட்டோகான் கராத்தே. டேகுக் வரிசை 1970களின் தொடக்கத்தில் வந்தது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் கிடந்த நாடு, ஜப்பானியரிடம் கற்ற குத்துக்கும் தடுப்புக்கும் ஜப்பானை எதிர்த்தவர்களின் பெயரையே வைத்தது. ஆன் ஜுங் குன், ஆன் சாங் ஹோ, யி சுன் சின், மார்ச் 1 போராட்டம். இரவல் வாங்கிய அசைவு, சொந்த ரோஷம். புராதனப் புளுகைவிட இந்த உண்மைக் கதை எனக்கு மேலாகப் படுகிறது.

அப்புறம், இந்தக் குறியீடுகள் கல்வெட்டும் அல்ல. ஐ.டி.எஃப்பின் 24 பேட்டர்ன்களில் கோ டாங் என்று ஒன்று இருந்தது. வடகொரியாவில் சோவியத் படையால் சிறைவைக்கப்பட்ட தேசியத் தலைவர் சோ மன் சிக்கின் புனைபெயர் அது. சோய் வடகொரியாவோடு நெருங்கிய பிறகு, 1980களில் அதை எடுத்துவிட்டு ஜூச்சே வந்தது. ஜூச்சே வடகொரிய அரசின் சித்தாந்தம். சில அமைப்புகள் இன்றும் கோ டாங்கைத்தான் செய்கின்றன.

ஜூச்சேயில் காலைத் தூக்கி மெதுவாகச் செய்யும் உதைகள் இருக்கின்றன. கால் கட்டுப்பாட்டுக்கு அருமையான பயிற்சி, பெயருக்காக அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் முன்பு யார் பெயர் இருந்தது, ஏன் போனது என்று பெல்ட் தேர்வில் கேளுங்கள் மாஸ்டர். எத்தனை அசைவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.