பைபிளைத் தொகுத்தது நீசேயா சங்கமா?

கிறிஸ்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) கி.பி. 325இல் கூடிய நீசேயா திருச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவை 2025இல் உலகெங்கும் கொண்டாடியபோது, வாட்ஸ்அப்பில் பழைய கதை ஒன்று மறுபடி சுற்றியது: "கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் மன்னர் ஆயர்களைக் கூட்டி, எந்த நூல்கள் பைபிளில் இருக்கலாம் என்று வாக்கெடுத்து, பிடிக்காதவற்றை எரித்தார்."

இது தவறு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டியது உண்மை. பைபிள் பற்றிய பேச்சு உண்மையில்லை. அங்கே இயற்றப்பட்ட 20 விதிகளும் இன்று நம் கையில் இருக்கின்றன. ஆயரைப் பதவியில் அமர்த்தும் திருநிலைப்பாடு, குருக்கள் வட்டி வாங்கத் தடை, ஞாயிறன்று முழங்காலிடாமல் நின்றபடி ஜெபிப்பது என்று சின்னச் சின்ன நடைமுறைகள்கூட அவற்றில் உண்டு. நூல் பட்டியல் மட்டும் இல்லை. சங்கத்தின் முதன்மையான விவாதம், இயேசு படைக்கப்பட்டவர் என்று போதித்த குரு ஆரியுஸைப் பற்றியது. ஈஸ்டர் தேதியும் பேசப்பட்டது.

நான்கு நற்செய்திகள்தாம் என்று லியோன் ஆயர் இரேனியுஸ் கி.பி. 180 வாக்கிலேயே வாதிட்டிருக்கிறார், அதாவது கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு முன்பே. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே இடம்பெற்ற முதல் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில்தான் வருகிறது. நீசேயாவுக்குத் திருத்தொண்டராக (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளராக) போனவர் அவர். அங்கேயே பட்டியல் முடிவாகியிருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம்: சங்கத்துக்குப் பிறகு, கான்ஸ்டான்டிநோபிள் ஆலயங்களுக்காக 50 வேதாகமப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரேயா ஆயர் யூசேபியுஸிடம் மன்னர் கேட்டார். அது பிரதியெடுக்கும் வேலை, நூல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆணை அல்ல.