ராப்னா சும்மா வேகமா பேசுறதுதானாம்

ரெண்டு நாளா ராப்பைத் திட்டிய அந்த மேடைப் பேச்சைத்தான் எல்லாரும் ஷேர் செய்துகொண்டிருக்கிறீர்கள். யார் பேசினார், எந்த விழா என்பது உங்களுக்கே தெரியும். மறுபடி பேரை எழுதி அவருக்கு இன்னும் நாலு வியூ வாங்கித்தர எனக்கு விருப்பமில்லை. “எவனோ வாசிச்சதை லூப் போட்டு, அது மேல வேகமா பேசுறதுக்குப் பேர் பாட்டா? சங்கீதம் தெரியாதவன் கண்டுபிடிச்ச திருட்டு” என்றார். அரங்கமே கைதட்டியது. பெரியவர், சாதித்தவர், எல்லாம் சரி. தெரியாத விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருக்க வயசு ஒரு தடையா என்ன?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். லூப் என்றால் ஒரு துண்டு இசையைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. ராப்பில் அந்த லூப்பை முதலில் போட்டது மெஷின் இல்லை, கை.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டது அவள் அண்ணன் கிளைவ், ஊர் அறிந்த பெயர் கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967-ல் பிராங்ஸுக்கு வந்தவர். தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, ஓடும் இசைக்கு மேல் மைக்கில் பேசும் ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்.

ஹெர்க் கவனித்தது இதைத்தான். ஆடுகிறவர்கள் பாட்டு முழுக்க ஆடவில்லை. ஒரு கட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்க, டிரம்ஸ் மட்டும் தனியாகப் போகும் அந்த நாலைந்து விநாடி. அதற்குப் பெயர் பிரேக். அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால் ஒரே தட்டில் ரெண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் பிரேக்கின் தொடக்கத்தைப் போட்டார். முதல் தட்டைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி அதற்கே வந்தார். நாலு விநாடி நாலு நிமிஷம் ஆனது. என்ன தட்டு என்று, தட்டு ஓட்டும் போட்டி டிஜேக்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, தண்ணீரில் ஊறவைத்து லேபிளையே உரித்துவிடுவார்.

ஹெர்க்கிடம் ஒரு குறை. குத்துமதிப்பாகத்தான் ஊசியை வைப்பார், மாறும் இடத்தில் தாளம் தடுக்கும். அந்தத் தடுக்கலை ஒழித்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இன்னொரு டிஜே. எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் “சங்கீதம் தெரியாதவன்” என்றது இவர்களைத்தான்.

எல்பி தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. நிமிஷத்துக்கு 110 பீட் (தாள அடி) ஓடும் பாட்டில் ரெண்டு பார், அதாவது எட்டு பீட், 4.36 விநாடி. தட்டுக் கணக்கில் ரெண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே இந்தத் தட்டில் எட்டு பீட் முடிவதற்குள் அந்தத் தட்டை அதே அளவு பின்னால் சுற்றி, பிரேக்கின் முதல் அடியில் நிறுத்திப் பிடித்து, சரியான நொடியில் விட வேண்டும். ஃப்ளாஷ் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சுற்றை எண்ணினார். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளோடு வரும் ரப்பர் மேட் தட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். தட்டைப் பின்னால் இழுத்தால் கீழே சுற்றும் வட்டத் தகடான பிளாட்டரும் சேர்ந்து நிற்கும், விட்டதும் வேகம் பிடிக்க நேரமாகும், அதற்குள் பீட் போய்விடும். ஃப்ளாஷின் அம்மா தையல் வேலை செய்தவர். மகன் ஃபெல்ட் துணி வாங்கி, ஸ்டார்ச் அடித்து விறைப்பாக்கி, தட்டு அளவுக்கு வெட்டிப் போட்டார். மேலே தட்டு நிற்கும், கீழே பிளாட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று உலகம் முழுக்கக் கடையில் விற்கும் ஸ்லிப்மேட் அதுதான். ஊசியிலும் இதே பாடு: நீள்வட்ட முனை ஒலிக்கு நல்லது, ஆனால் தட்டை முன்னும் பின்னும் இழுத்தால் தட்டின் கோட்டுப்பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். உருண்டை முனைதான் தாங்கும். அடுத்த தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க ஒரு ஸ்விட்சைத் தானே ஒட்டவைத்துக்கொண்டார். திருட்டு என்றால் இவ்வளவு சிரமம் எதற்கு அய்யா?

ஸ்கிராட்ச் வந்த கதையும் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் விஸார்ட் தியடோர் என்ற பையன். அறையில் சத்தமாகப் பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா வந்து திட்ட, தட்டைக் கையால் பிடித்து நிறுத்துகிறான். அவர் திட்டிக்கொண்டிருக்க, கை தட்டை லேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கீறல் ஓசை காதில் விழுந்ததும் அதை மாசக்கணக்கில் பழகிப் பழகி வாத்தியமாக்கினான். மேடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பழகினான் என்கிறேன். உங்கள் அகராதியில் இதற்குச் சாதகம் என்றுதானே பெயர்?

சரி, பேசுவதற்கு வருவோம். ஹெர்க்கின் கூட்டத்தில் கோக் லா ராக் மைக்கில் வந்திருந்த நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உசுப்பேற்றுவார், அவ்வளவுதான். டிஜேவுக்கு எடுபிடியாக வந்தவர்தான் எம்சி, அதாவது மைக்கில் பேசுகிறவர். அங்கிருந்து நடந்த தூரத்தைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 90 பீட் என்றால் ஒரு பார் 2.67 விநாடி, வழக்கமாக 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் (நம்ம சரணம் மாதிரி) 43 விநாடிகூட வராது. எண்பதுகளின் தொடக்கத்தில் எதுகையும் இயைபும் பாரின் நாலாவது பீட்டில் போய் விழும், குழந்தைப் பாட்டு மாதிரி. 1986-ல் எரிக் பி என்ற டிஜேயோடு வந்த ராப்பர் ராக்கிம் அதை உடைத்தார். சாக்ஸஃபோன் வாசித்தவர். எதுகையை வரியின் நடுவிலும் வைத்தார், ஒரு வாக்கியத்தைப் பாரைத் தாண்டி அடுத்த பாரில் முடித்தார். புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அசையைத் திணிப்பார்கள், மூணாவது பாரில் மூச்சு முட்டும், கடைசிச் சொல்லை முழுங்குவார்கள், அடுத்த வரி அரை பீட் தாமதமாகத் தொடங்கும். எழுதும்போதே மூச்சுக்கு இடம் விட்டு எழுத வேண்டும். வேகமாகப் பேசத் தெரிந்த எவருக்கும் ராப் வரும் என்றால், ஏலம் விடுகிறவர் எல்லாம் சூப்பர் ஸ்டார் ஆகியிருக்க வேண்டும்.

“மெஷின் வந்தப்புறம் என்ன உழைப்பு?” என்று கேட்பார்கள், தெரியும். 1987-ல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டைப் பதிந்து திருப்பி வாசிக்கும் மெஷினில், மொத்தம் பத்து விநாடி ஒலிதான் பதியலாம், ஒரு துண்டுக்கு அதிகபட்சம் இரண்டரை. எப்படிச் சமாளித்தார்கள்? 33-ல் ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓடவிட்டுப் பதிந்தார்கள்; சுமார் 3.4 விநாடி ஒலி இரண்டரைக்குள் அடங்கிவிடும். பிறகு மெஷினில் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 12-பிட் மெஷின், அதாவது ஒலித்தரம் குறைவு, அதை இப்படி இழுத்தால் ஒலி சொரசொரவென்று ஆகும். தொண்ணூறுகளின் நியூயார்க் பீட்டுக்கு இருக்கும் அந்த அழுக்குச் சத்தம், இடப்பற்றாக்குறையில் பிறந்தது. மெஷினையும் கைதான் ஏமாற்றியது.

“இதெல்லாம் நம்ம வில்லுப்பாட்டில் அப்பவே இருந்தது” கோஷ்டிக்கு: இருக்கட்டும், சந்தோஷம். இந்தக் கதையில் அது எங்கேயும் வரவில்லை.

“வன்முறை, பெண்களை மட்டமாகப் பேசுவது?” ஆமாம், நிறைய இருக்கிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மேடையில் பேசியவர் அதைக் குறை சொல்லவே இல்லை, இசையைத்தான் குறை சொன்னார். 1982-ல் ஃப்ளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ பாட்டு வந்தபோது அதில் இருந்தது இடிந்த வீடும் எலியும் கடன்காரனும்தான். அதை இவர்கள் கேட்டிருந்தால் அல்லவா! 2018-ல் ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு புலிட்சர் இசைப் பரிசு கொடுத்தபோதும் இங்கே யாரும் காது கொடுக்கவில்லை.

இனி அந்தத் “திருட்டு”. 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கி, பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் சாம்பிள் (ஒலித்துண்டு) எடுத்த வழக்கில், நீதிபதி “திருடாதே” என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். ஆல்பத்தின் விற்பனை நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் உரிமை வாங்க வேண்டியிருந்தது. பப்ளிக் எனிமி குழு மாதிரி ஒரே பாட்டில் பல பாட்டுகளின் துண்டுகளை ஒட்டி இசை கட்டுவது கையைக் கடிக்கும் வேலையாகிவிட்டது. பலர் ஒரே ஒரு சாம்பிளோடு நிறுத்திக்கொண்டார்கள், சிலர் ஸ்டுடியோவில் ஆள் வைத்து அதே மெட்டைப் புதிதாக வாசிக்கவைத்தார்கள். கணக்குத் தீர்த்தாயிற்று. இன்னும் முப்பது வருஷம் கழித்தும் அதே வசை.

திருட்டைப் பற்றிப் பேசுவதென்றால் பேசுவோம். 1979-ல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்தது, ராப்பை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன தட்டு. அதில் பிக் பேங்க் ஹேங்க் என்ற ராப்பர் பாடிய வரிகள் பிராங்ஸின் ராப்பர் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. காஸின் பழைய மேடைப் பெயரைக்கூட மாற்றாமல் எழுத்துக்கூட்டி அப்படியே பாடியிருப்பார். காஸுக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. இது ராப்காரர்களே ராப்காரருக்குச் செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உலகில் அதிகம் சாம்பிள் எடுக்கப்பட்ட டிரம்ஸ் எது? தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 தட்டொன்றின் பின்பக்கத்தில் வரும் நாலு பார், சுமார் ஏழு விநாடி. வாசித்தவர் கிரிகரி கோல்மன். ஒரு சல்லிக்காசு வரவில்லை, 2006-ல் வறுமையில் செத்தார். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் அதே கதை: பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில், ஸ்டபிள்ஃபீல்டுக்கு வாசித்த கூலி. டிரம்ஸ் வாசித்ததை ‘இயற்றியது’ என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. சாம்பிளுக்கு முறையாகப் பணம் கட்டினாலும் அது உரிமை வைத்திருப்பவருக்கும் கம்பெனிக்கும்தான் போகும், குச்சி பிடித்தவனுக்கு வராது.

இங்கே ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்களுக்கும் கால்ஷீட் கூலிதானே வழக்கம்? ஆயிரம் பாட்டில் ஒலிக்கும் அந்தத் தபேலாவும் டிரம்ஸும் யாருடையது என்று எந்த கேசட் உறையில் போட்டிருந்தார்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.