கல்லறைத் தோட்டத்தில் கல்யாணம் நடந்தால் என்ன?

பிரிஸ்டல் நகரத்து ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "கல்லறைக்குள்ள டீக்கடையா? அங்க போய்க் கல்யாணம் வேற பண்றாங்களா?" அண்மையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. "செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமாப்பா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே போட்ட நாலு வரிப் பதில் போதவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இடம் எதற்காக உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1830களில் இங்கிலாந்து நகரங்களில் தேவாலய வளாகங்கள் நிரம்பி வழிந்தன. ஒரு குழி ஆறும் முன்னே அதன் மேலேயே இன்னொரு குழி. 1832இல் காலரா பிரிஸ்டலைச் சூறையாடியபோது நிலைமை எல்லை மீறிப் போனது. பாரிஸில் 1804இலேயே பெர் லாஷேஸ் திறந்திருந்தார்கள். நகரத்துக்கு வெளியே, மேட்டு நிலத்தில், மரமும் நடைபாதையுமாக ஒரு தோட்டம், அதற்குள் கல்லறைகள். லண்டனில் கென்சல் கிரீன் 1833இல் வந்தது. பிரிஸ்டலில் வணிகர்கள் சேர்ந்து பங்கு விற்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1837இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அனுமதி கிடைத்தது. பாத் சாலையை ஒட்டிய மலைச்சரிவில் சார்லஸ் அண்டர்வுட் என்ற கட்டடக் கலைஞர் பழைய கிரேக்கக் கோயில்களை நினைவூட்டும்படி வடிவமைத்தார். முதல் அடக்கம் 1839இல்.

உள்ளே இரண்டு சிற்றாலயங்கள் உண்டு. மணிக்கூண்டு வைத்தது இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களுக்கு. இன்னொன்று அந்தச் சபையில் சேராத பாப்டிஸ்டுகள், யூனிடேரியன்கள் போன்றவர்களுக்கு. பிரிஸ்டலில் இவர்கள் கணிசமானவர்கள். அதுவரை ஊர்த் தேவாலய மண்ணில் இவர்கள் அடக்கமாக வேண்டுமென்றால் அந்தச் சபையின் பாதிரியார்தான், அந்தச் சபையின் சடங்குதான். தங்கள் முறைப்படி இறுதி மரியாதை செய்ய ஓர் இடம் கிடைத்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சாதிக்கொரு சுடுகாடு பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று புரியும்.

அப்புறம், பொதுப் பூங்காக்கள் அரிதாக இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காலாற நடந்து, மரம் செடி பார்த்து, கல்லில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வரும் இடங்களாகவே இத்தகைய தோட்டங்களை அமைத்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் உள்ளே வர வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருந்தது. இப்போது அங்கே உட்கார்ந்து டீ குடிப்பவர்கள் புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை.

நம் ஊர்க்காரர்கள் அங்கே போவது பெரும்பாலும் ஒருவருக்காக. ராஜாராம் மோகன் ராய். பள்ளிக்கூடப் பாடத்தில் சதி (உடன்கட்டை ஏறுதல்) ஒழிப்பு, பிரம்ம சமாஜம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த அதே மனிதர். முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பரின் தூதராக 1831இல் இங்கிலாந்து வந்தார். 1829இல் வந்த சதித் தடையை நீக்கக் கோரி லண்டனில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன முறையீடு 1832இல் தள்ளுபடியானதை இங்கிருந்தே பார்த்தார். மறு ஆண்டு பிரிஸ்டலுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, 1833 செப்டம்பர் 27 அன்று ஸ்டேபிள்டனில் இறந்துபோனார். தகனம் அன்றைக்கு அந்த நாட்டில் வழக்கத்திலேயே இல்லை. கிறித்தவ இடுகாட்டில் புதைத்தால் ஊரில் பிள்ளைகளின் சொத்துரிமைக்குச் சிக்கல் வரலாம் என்ற கவலை வேறு. அதனால் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே, மரத்தடியில், சடங்கு எதுவும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

1842இல் இங்கிலாந்து வந்த துவாரகாநாத் தாகூருக்கு (ரவீந்திரநாத்தின் தாத்தா) தன் நண்பர் இப்படிக் கிடப்பது பொறுக்கவில்லை. 1843இல் உடலை ஆர்னோஸ் வேலுக்கு மாற்றினார்கள். வில்லியம் பிரின்செப் என்பவர் வரைந்த வடிவில் மேலே ஒரு சத்ரி, அதாவது தூண்கள் தாங்கும் நினைவு மண்டபம், எழுந்தது. கிரேக்கத் தூண்களைத் தாண்டி உள்ளே போனதும், கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில், செதுக்கிய தூண்கள் மேல் கூம்பிய மாடத்தோடு ஒரு வங்காள மண்டபம் நிற்கிறது. கிட்டே போய் அதிலுள்ள கல்வெட்டைப் படியுங்கள். 1872இல் சேர்த்தது. பிறந்த ஆண்டு 1774 என்று போட்டிருக்கும். நாம் பாடப்புத்தகத்தில் படித்தது 1772. ஆய்வாளர்கள் இன்றும் இரண்டையும் வைத்து வாதாடுகிறார்கள். அதே தோட்டத்தில்தான் மேரி கார்பென்டரும் இருக்கிறார். ராஜாராம் மோகன் ராயை இளம் வயதில் சந்தித்து, பிற்காலத்தில் பெண் கல்விக்காக நான்கு முறை இந்தியாவுக்குப் பயணம் செய்தவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைக் குழந்தைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரும் அங்கேதான். போர்வீரர்களுக்கென்று தனி மூலையே உண்டு.

இப்படிப்பட்ட இடமே கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தது. என் கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கல்லறைத் தோட்ட நிறுவனம் ஒன்று எப்படிச் சம்பாதிக்கும்? குழி விற்று. ஒரு குடும்பம் ஒரு முறை பணம் கட்டும். பராமரிப்போ காலாகாலத்துக்கும் தேவை. நிலம் இருக்கும்வரை புதுக் காசில் பழைய செலவு ஓடும். நிலம் நிரம்பியதும் வரவு நின்றுவிடும், புல் மட்டும் நிற்காது. 1920களின் இறுதியில் எரியூட்டும் நிலையம் கட்டி வருமானத்துக்கு வழி செய்து பார்த்தார்கள். கடைசியில் அதுவும் மூடப்பட்டது. மூன்று தலைமுறை போனால் பூ வைக்க வரும் சொந்தமும் இருக்காது. ஐவிக் கொடி தேவதைச் சிலைகளின் கழுத்துவரை ஏறியது. தானாக முளைத்த மரங்களின் வேர்கள் கற்பலகைகளை நெம்பித் தூக்கின.

1987இல் அப்போதைய உரிமையாளர், பொதுமக்களை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டு நிலத்தின் பெரும்பகுதியை வணிக நோக்கில் மேம்படுத்தப் போவதாக அறிவித்தார். ஊர் கொதித்தது. பாதுகாப்புச் சங்கம் உருவானது, பிறகு நண்பர்கள் குழு. 1998 முதல் 2003 வரை அக்கம்பக்கத்து மக்களே முறை வைத்துத் தினமும் கதவைத் திறந்து, காவல் இருந்து, சாயங்காலம் மூடினார்கள். ஐந்து வருடம்! சம்பளம் கிடையாது. இடம் அவர்களுடையதும் கிடையாது. மழை, குளிர், இருட்டு எல்லாவற்றிலும் அந்த வாசலில் யாராவது ஒருவர் நின்றிருக்கிறார். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். கிரேக்கத் தூண்களைவிடப் பிடிக்கும்.

2003இல் மாநகர சபை கட்டாயக் கொள்முதல் ஆணையின் கீழ் இடத்தைத் தன் வசமாக்கியது. அதே ஆண்டு பழைய கட்டடங்களை மீட்க நிதி தேடும் பிபிசியின் போட்டி நிகழ்ச்சியில் ஆர்னோஸ் வேல் வந்ததும் நாடு முழுக்கத் தெரிந்தது. பொறுப்பு ஓர் அறக்கட்டளையிடம் போனது. லாட்டரிப் பணத்தில் இயங்கும் மரபுரிமை நிதியிலிருந்து 48 லட்சம் பவுண்டு கிடைத்து, 2010இல் சீரமைப்பு முடிந்தது. ராஜாராம் மோகன் ராயின் சத்ரியையும் பழுது பார்த்தார்கள். அவர்கள் செய்த ஒரு முடிவை நான் மனதாரப் பாராட்டுவேன்: காடான பகுதியை மொட்டையடிக்கவில்லை. கட்டடங்களையும் முக்கியமான கல்லறைகளையும் மீட்டார்கள். மேட்டுப் பகுதியில் மரங்களை விட்டுவைத்தார்கள். வௌவால்களுக்கும் பறவைகளுக்கும் காட்டுப் பூக்களுக்கும் நகரத்து நடுவே இந்த 45 ஏக்கர் தோட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பெரிய நிதி என்பது ஒரு தடவை வருவது. அதற்குப் பிறகு புல் வெட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? டீக்கடையும் கல்யாணமும்தான் கொடுக்கின்றன. சுற்றிக் காட்டும் நடைகளும் நாடகங்களும் கொடுக்கின்றன. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. இன்றைக்கும் புதிதாக அடக்கம் நடக்கிறது, சாம்பல் புதைக்கிறார்கள். துக்கத்தோடு வருகிறவரும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவரும் ஒரே பாதையில் எதிர்ப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் ஜனங்கள் தாழ்த்தத்தான் செய்கிறார்கள். இரவு நிகழ்ச்சிகள் சிலவற்றில் எனக்கு உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகி ஒரு வருடம்கூட ஆகாத கல்லறைகள் இருக்கும் இடத்தில் ஆரவாரம் வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் அது எந்த நிகழ்ச்சி, எந்த நேரம் என்று பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கதவைச் சாத்திவிட்டால் மரியாதை வந்துவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சாத்தப் பார்த்தபோது என்ன ஆகவிருந்தது என்று மேலே படித்தீர்களே.

பிரிஸ்டல் பக்கம் வருகிறவர்கள் முடிந்தால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள். ராஜாராம் மோகன் ராய் நினைவு நாளை ஒட்டி ஆண்டுதோறும் சத்ரி அருகே கூடுகிறார்கள். நகர மேயரும் வருவதுண்டு. லண்டனோடு திரும்புகிறவர்கள் கென்சல் கிரீனுக்குப் போங்கள். நண்பருக்கு மண்டபம் எழுப்பிய துவாரகாநாத் தாகூர் 1846இல் லண்டனிலேயே இறந்து அங்கேதான் அடக்கமானார். அவருக்கு மேலே சத்ரி எதுவும் கிடையாது. ஆர்னோஸ் வேலுக்கு வருகிற இந்தியர்களில் பாதிப் பேராவது அங்கேயும் போக வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த கோடையில் லண்டன் நண்பர்கள் யாராவது சேர்ந்து வருவதானால் கமெண்டில் சொல்லுங்கள், தேதி குறிப்போம்.