ரோமுக்குப் போகிறவர்கள் இந்தக் கோயிலுக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள்

ரோமுக்குப் போய்விட்டு வந்த நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, "சாந்தா மரியா தெல் போபோலோவைப் பார்த்தீர்களா?" என்றுதான். அது ஒரு மாதா கோயில். பலர் அதன் முன்னால் இருக்கும் போபோலோ சதுக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பார்கள், கோயிலுக்குள் போயிருக்க மாட்டார்கள். முதல் தடவை எனக்கும் அதுதான் நடந்தது. கூட்டிப்போனவர்கள் சதுக்கத்து நடுவிலிருக்கும் எகிப்தியத் தூணைக் காட்டி, இருபது நிமிடம் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கோயில் வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். எதை விட்டுவிட்டு வந்தேன் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மனசு ஆறவே இல்லை. அடுத்த முறை தனியாகவே போனேன்.

முகப்பு ரொம்ப எளிமையானது. 1470களில் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் காலத்தில் புதிதாக எழுப்பியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே பின்தூரிக்கியோ என்ற ஓவியரின் சுவரோவியங்களும் இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது பீடத்துக்கு இடப்பக்கம் இருக்கும் செராசி சிற்றாலயத்தைப் பற்றி.

மிகக் குறுகலான இடம். நடுவில் அன்னிபாலே கராச்சி வரைந்த மாதாவின் விண்ணேற்பு. இரண்டு பக்கச் சுவர்களிலும் கரவாஜியோ என்ற ஓவியரின் படங்கள்: இடப்பக்கம் இயேசுவின் சீடர் பேதுருவைச் சிலுவையில் அறைவது, வலப்பக்கம், பின்னர் புனித பவுலான சவுல் குதிரையிலிருந்து விழுவது. பாப்பரசரின் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட திபேரியோ செராசி 1600-இல் வரையச் சொன்னவை. அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார்.

புத்தகத்தில் சவுல் படத்தைப் பார்த்தபோது எனக்கு அது பிடிக்கவே இல்லை. முக்கால்வாசியும் குதிரைதான் தெரிந்தது. ஆனால் அங்கே நேருக்கு நேர் நின்று பார்க்க வழியில்லை. சிற்றாலயத்து வாசலில் நின்று பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது படமே மாறிவிடுகிறது. கைகளை விரித்தபடி சவுல் நம் பக்கமாகச் சரிந்து விழுகிறான். அவனை மிதித்துவிடாமல் குதிரை ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறது. நாம் எங்கே நிற்போம் என்பதைக் கணக்கில் வைத்தே கரவாஜியோ வரைந்திருக்கிறார் என்று எனக்கு அங்கே தோன்றியது.

எதிர்ச் சுவரில் பேதுரு. மூன்று பேர் சிலுவையைத் தூக்குகிறார்கள், ஒருவன் முகமும் சரியாகத் தெரியவில்லை. கீழே குனிந்து முதுகால் முட்டுக்கொடுப்பவனின் உள்ளங்கால் அழுக்கு நம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கூலி வேலை செய்பவனின் கால். அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன்.

காசு போட்டால் விளக்கு எரியும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. சில நிமிடத்தில் அணைந்துவிடும். வந்தவர்கள் பலரும் வெளிச்சம் போனதும் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அரை இருட்டுக்குக் கண் பழகட்டும். மின்விளக்கு இல்லாத காலத்தில் வரைந்த படம் அது. இருட்டிலும் சவுலின் கைகள் மட்டும் துலங்கி நிற்கும்.

அப்புறம், வாசல் பக்கம் திரும்பி வந்தால் கீஜி சிற்றாலயம். அகோஸ்தீனோ கீஜி என்ற வங்கிக்காரருக்காக ஓவியர் ரஃபேல் வடிவமைத்தது. 1520 ஏப்ரல் 6 அன்று ரஃபேல் இறந்தார், ஐந்தே நாளில் கீஜியும் போய்விட்டார். வேலை பாதியில் நின்றது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அதே குடும்பத்தில் வந்து பின்னர் ஏழாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் பாப்பரசரான ஃபாபியோ கீஜி, சிற்பி பெர்னினியை வைத்து முடிக்க வைத்தார்.

பெர்னினியின் இரண்டு சிலைகள் இங்கே எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. ஒரு மூலையில் சிங்கக் குகையில் தானியேல், கைகூப்பி மேலே பார்க்கிறார், சிங்கம் காலை நக்குகிறது. எதிர் மூலையில் சாப்பாட்டுக் கூடையோடு அபகூக்கு. இருவரும் விவிலியத்தில் வரும் இறைவாக்கினர்கள். வானதூதர் அபகூக்கின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாட்டை அங்கே கொண்டுபோ" என்று தானியேலைச் சுட்டிக்காட்டுகிறார். அந்த விரல் நீட்டிய திசையில் திரும்பினால், கதை நம் தலைக்கு மேலே குறுக்காகப் போவது புரியும். இவற்றை ஒரு அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்து வைத்தால் அந்தக் கதை செத்துப்போகும்.

அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நெரிபடுவதற்கு முன்னால் ஒரு காலை இங்கே வந்துவிடுங்கள். மதியம் கதவைச் சாத்திவிடுவார்கள். தோள் மூடிய உடை, பையில் கொஞ்சம் சில்லறை. பூசை நடந்தால் பின்வரிசையில் பேசாமல் உட்காருங்கள். மக்கள் ஜெபிக்கிற இடம் அது.

கீஜி சிற்றாலயத்தின் நடுவில் நின்று முதலில் அண்ணாந்து பாருங்கள். ரஃபேல் வடிவமைத்த மொசைக்கில் கடவுள் கை உயர்த்தி நிற்பார். பிறகு காலடியைப் பாருங்கள். தரையில் சிறகு முளைத்த எலும்புக்கூடு ஒன்று, கீஜி குடும்பத்துக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மேலே பறக்கப் பார்க்கிறது.