பால் ஸ்கீன்ஸ் 2029 வரை பிட்ஸ்பர்க் வசம்தான்

அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், சீசன் முடிந்ததும் பைரேட்ஸை விட்டு விரும்பிய அணிக்குப் போய்விடுவார் என்று ஒரு பதிவு பகிரப்பட்டிருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம் என்பது சரி. போய்விடலாம் என்பது சரியல்ல.

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் 6 ஆண்டு சேவை (அணிப் பட்டியலில் இருந்த காலம்) முடிந்தால்தான் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக, அதாவது எந்த அணியுடனும் ஒப்பந்தம் போட, முடியும். அதுவரை ஆண்டுதோறும் புது ஒப்பந்தம் போட்டாலும், அவரைத் தக்கவைக்கும் உரிமை அணியிடமே இருக்கும். குழப்பம் இங்கேதான் வருகிறது.

ஓராண்டு சேவைக்கு 172 நாள் கணக்கு வேண்டும். ஸ்கீன்ஸ் அறிமுகமானது 2024 மே 11, அதனால் அந்த ஆண்டு 172 நாள் தேறாது. ஆனால் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றதால், விதிப்படி முழு ஆண்டும் அவர் கணக்கில் சேர்ந்தது. அந்த விருது இல்லையென்றால் 2030 சீசன் முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இப்போதைய விதிகளின்படி 2029 சீசன் முடிந்த பிறகே அவர் சுதந்திரம். அதற்கு முன் அவர் வேறு அணிக்குப் போனால், அது பெரும்பாலும் பைரேட்ஸ் செய்யும் டிரேடாகத்தான் (அணிகளுக்கிடையேயான வீரர் பரிமாற்றம்) இருக்கும். அதை வைத்து அவர் விசுவாசத்தை எடைபோடுவது நியாயமே இல்லை.

சரிபார்க்க: வீரர் சங்கத்தின் இணையதளத்தில், லீக்கும் சங்கமும் செய்துகொண்ட 2022–2026 கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 20ஆம் பிரிவில் 6 ஆண்டு விதி, 21ஆம் பிரிவில் சேவை நாள் கணக்கு. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் அவர் பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஃப்ரீ ஏஜென்ட் ஆண்டு 2030 என்று இருந்தால், சுதந்திரமாக ஆடக்கூடிய முதல் சீசன் அது என்று பொருள்.