தலைப்புப் போடத் தெரிந்தால் போதுமா?

சனிக்கிழமை மட்டக்களப்பில் நடந்த விளையாட்டுச் செய்திப் பயிற்சியில் ஒரு பேச்சாளர் சொன்னதை நீங்களே பகிர்ந்துவிட்டீர்கள். விளையாட்டுச் செய்தி எழுத வந்த பிள்ளைகளிடம், கெல்வின் மெக்கென்சி மாதிரித் தலைப்புப் போடப் பழகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக எனக்கு மனம் ஆறவில்லை.

1981 முதல் 1994 வரை லண்டன் 'சன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் மெக்கென்சி. பத்திரிகை விற்கத் தெரிந்தவர், சரி. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட அரையிறுதி. நெரிசலில் நசுங்கி இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். நாலாம் நாள் இவர் போட்ட தலைப்பு 'உண்மை'. செத்தவர்களின் சட்டைப்பையில் ரசிகர்கள் திருடினார்களாம், பொலிஸார் மேல் சிறுநீர் கழித்தார்களாம். அத்தனையும் பொய். ரசிகர்கள் மேல் பிழையில்லை என்று 2016இல் மரண விசாரணை ஜூரிமார் சொல்லும்வரை அந்தக் குடும்பங்கள் 27 வருடம் அலைந்தன.

மற்றப் பத்திரிகைகளும் போட்டனவே என்பீர்கள். போட்டன. பொலிஸ் பக்கமிருந்து வந்த கதைதான். ஆனால் அதற்கு 'உண்மை' என்று பெயர் வைத்தவர் இவர். மன்னிப்புக் கேட்டாரே என்பீர்கள். எப்போது? 2012இல், ஹில்ஸ்பரோ பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபிறகு. அப்புறம் 2017இல், நைஜீரியத் தாத்தாவின் பேரனான எவர்டன் உதைபந்தாட்டக் கழக வீரர் ரோஸ் பார்க்லியைக் கொரில்லாவோடு ஒப்பிட்டு எழுதினார். ஹில்ஸ்பரோ நினைவு நாளுக்கு முதல் நாள் அது வெளிவந்தது. பார்க்லியின் பின்னணி தனக்குத் தெரியாது என்றார். தெரியாததை எழுதுவதா திறமை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தம்பி கேட்டார். இருபது வயதில் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நடந்த ஒரு உதைபந்தாட்டம் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். மழைச் சேற்றில் கோல் காப்பாளரின் கால் வழுக்கியது, பந்து உள்ளே போனது, அவ்வளவுதான். அச்சில் வந்தபோது அந்தப் பொடியன் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்ற பொருளில் ஒரு தலைப்பு. நான் எழுதாத சொல், ஆனால் கீழே என் பெயர். அந்தப் பொடியனுடைய அம்மா பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி எங்கள் படலையில் வந்து நின்றார். ஏசவில்லை. "நீயும் அங்க நின்டதானே மகன்?" என்று மட்டும் கேட்டார்.

திருத்தம் போடச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. அந்தப் பொடியன் அதற்குப் பிறகு விளையாட வரவேயில்லை. தலைப்பு நல்லா இருந்தது என்று அன்றைக்கும் சிலர் சொன்னார்கள்.

அடுத்த வகுப்பு வரும் சனிக்கிழமையாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஹில்ஸ்பரோவில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லுங்கள். இடம் தந்தால் நானே வந்து சொல்கிறேன்.