ரா படங்களுக்கு மென்பொருள் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேமரா சென்சார் பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் படமெடுக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, எந்த மென்பொருளில் வண்ணம் நன்றாக வரும் என்பதைத்தான். நியாயமான கேள்விதான். ஆனால் படத்தைத் திருத்துவதும் படங்களை அடுக்கிப் பேணுவதும் வெவ்வேறு வேலைகள். திருத்தும் வசதியை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது வேலையையும் அதே மென்பொருளிடம் யோசிக்காமல் ஒப்படைப்பவர்கள் சில ஆண்டுகள் கழித்து வருந்துகிறார்கள். நானும் வருந்தினேன்.

ஒன்பது ஆண்டுகள் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினேன். பெரும்பாலும் பறவைப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பறவையின் பெயர், இடம், நட்சத்திர மதிப்பு என்று இரவுகளில் உட்கார்ந்து குறித்து வைத்திருந்தேன். பிறகு அந்த நிறுவனம் மென்பொருளைக் கைவிட்டது. புதிய கணினியில் அது இயங்கவில்லை. ரா கோப்புகளில் ஒன்றுகூடக் கெடவில்லை, ஆனால் நான் எழுதிய பெயர்கள் அனைத்தும் அதன் தரவுத்தளத்துக்குள் சிக்கிக்கொண்டன. ஒரே ஒரு மீன்கொத்திப் படத்தைத் தேடி, கோப்புறை கோப்புறையாகத் திறந்து இரண்டு நாள் பார்த்தேன்.

ஒரு ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 ஒளி நிலைகளைத்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்போ 16,384 நிலைகளை வைத்திருக்கும். அந்தக் கோப்பை எந்த நல்ல மென்பொருளும் தொடுவதில்லை. எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டினாலும், ஒயிட் பேலன்ஸை, அதாவது வண்ணச் சமநிலையை மாற்றினாலும், அவை வெறும் கட்டளைகளாகத் தனியே எழுதப்படுகின்றன. எங்கே எழுதப்படுகின்றன என்பதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

லைட்ரூம் கிளாசிக் இவற்றைத் கேட்லாக் என்ற தன் தரவுத்தளத்தில் எழுதுகிறது. படத்துக்கு அருகில் எக்ஸ்எம்பி என்ற சிறிய எழுத்துத் துணைக்கோப்பாகவும் எழுத வேண்டுமென்றால், அமைப்புகளுக்குள் சென்று அதை நாமே இயக்க வேண்டும். இயக்கினாலும் கலெக்ஷன்கள் என்ற படத்தொகுப்புகளும், ஒரே படத்துக்கு வேறு திருத்தம் செய்து பார்க்கும் விர்ச்சுவல் காப்பிகளும் கேட்லாக்கிலேயே தங்கிவிடும். டார்க்டேபிள் என்ற மென்பொருள் இயல்பாகவே துணைக்கோப்பை எழுதிவிடுகிறது. அதை ஒருமுறை சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். கட்டளை வரிகளுக்கு நடுவே, நீங்கள் தட்டச்சு செய்த "மீன்கொத்தி" என்ற சொல் அப்படியே தமிழில் இருக்கும். அதைப் படிக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.

பெயர்களைப் போலத் திருத்தங்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்சார் தரவை வண்ணப்படமாக மாற்றும் கணக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு என்பதால், ஒன்றில் செய்த திருத்தத்தை இன்னொன்று முழுமையாகப் புரிந்துகொள்ளாது. இதற்காக நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பழைய படத்தை இன்றைய இரைச்சல் நீக்கும் வசதியோடு மீண்டும் திருத்தினால் முன்பைவிட நன்றாகவே வருகிறது. மிக முக்கியமானவற்றை திருத்தங்கள் படத்திலேயே பதிந்த 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பறவையை எங்கே பார்த்தேன் என்பதை மட்டும் மீண்டும் உருவாக்க முடியாது, ஏனெனில் அது என் நினைவிலேயே இப்போது இல்லை.

ஆகவே திருத்துவதற்கு உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டூடியோ வேலைக்கு, ஒவ்வொரு படப்பிடிப்பையும் தனிக் கோப்புறையாக வைத்துக்கொள்ளும் கேப்சர் ஒன்னின் செஷன் முறை மிக வசதியானது. ஆயிரக்கணக்கான படங்களை அன்றே பார்த்து வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டியவர்களுக்கு, ரா கோப்புக்குள் இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தைக் காட்டி வேகமாக நகரும் ஃபோட்டோ மெக்கானிக் உதவும். ராதெரபி திருத்துவதில் வலுவானது. அடுக்குவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். சந்தா கட்டுபவர்கள், அது நின்றால் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும், ஆனால் திருத்தும் பகுதி மூடப்பட்டுவிடும்.

எதை எடுத்தாலும், முதல் வாரத்திலேயே இருபது படங்களுக்குக் குறிச்சொல்லும் நட்சத்திரமும் இட்டு, அந்தக் கோப்புறையை மட்டும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர்கள் தெரியவில்லையென்றால் அமைப்பைச் சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும்.

நான் இப்போது துணைக்கோப்பில் எழுதும்படி அமைத்த டிஜிகாம் என்ற மென்பொருளில் படங்களை அடுக்குகிறேன். பழைய படங்களுக்கு மறுபடியும் பெயரெழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நேற்றிரவுதான் 2013-ஆம் ஆண்டுக் கோப்புறையை முடித்தேன். அதில் நாற்பது படங்களுக்கு இடம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட வேண்டியிருந்தது.